விலக்கி வைத்தலும் விட்டொழித்தலும்

மாணாக்கனொருவன் கேட்ட வினாவொன்று எம்மை இவ்வியாசம் எழுதத் தூண்டிற்று. வினா சிறிது, கேட்டவனும் சிறியன். எனினும் அதற்கு விடை கூறவேண்டியிருந்த ஆசிரியர் விடை கூறாது நின்றார். அவர் எம்மிடம் வந்து அதனைச் சொல்லியபோது, யாமும் உடனே விடைகூற மாட்டாதவராயினோம். ஆசிரியத் தொழிலிலுள்ளார் பலர்க்கும் இத்தகைய வினா என்றேனும் எதிர்ப்படுமாதலின், அதனை அவர்கள் முன்னிலையில் வைத்து ஆராய்தல் தகுமென எண்ணினோம்.

அவ்வாசிரியர் நாற்பத்தைந்து வயதினர். யாழ்ப்பாணப் பகுதி வித்தியாசாலையொன்றிலே தமிழ் கற்பிப்பவர். பதினைந்து ஆண்டுகளாக விடியற்காலையில் ஓடும் வழக்கமுடையவர். வித்தியாசாலை ஓட்டக் குழுவைப் பயிற்றுபவரும் அவரே. சனிக்கிழமை மாலைகளிலே நண்பரோடிருந்து மது அருந்துதலும் அவர்பால் நெடுநாளாக இருந்த வழக்கம். அதனை அவர் ஒளித்தாரல்லர், பறைசாற்றினாருமல்லர். சென்ற ஆண்டு அவருக்கு முழங்காலில் நோவு உண்டாயிற்று. இயன்மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, "உமது மூச்சு ஓட்டத்துக்குப் போதும், தொடையும் இடுப்பும் கெண்டைக்காலும் போதா. வாரத்தில் இருநாள் பளு தூக்கும்; மதுவையுஞ் சிலகாலம் விலக்கி வையும்" என்றார். ஆசிரியர் அவ்வாறே பளு தூக்கத் தொடங்கி, மதுவை மூன்று மாதம் தொடுவதில்லையென்று நாள் குறித்துக்கொண்டார்.

ஒருநாட் காலை ஓட்டம் முடிந்து களைப்பாறியிருக்கையில், தம் குழுவினரை ஊக்கும் பொருட்டு அவர் இச்செய்தியை மாணாக்கர்க்குச் சொன்னார். அவருள் பதினைந்து வயதினன் ஒருவன், "மூன்று மாதம் முடிந்தபிறகு திரும்பவும் குடிப்பீர்களோ, சேர்?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்டானென்று ஆசிரியர் முதலில் நினைத்தார். அவன் முகத்தைப் பார்த்தபோது அஃதன்று என்று தெரிந்தது. "எங்கள் அப்பாவும் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் தொடமாட்டார், சேர்" என்று மாத்திரம் சொல்லி அவன் தலைகுனிந்துகொண்டான். இருபத்தாறாம் நாள் அவன் வீட்டில் நிகழ்வது யாதென்பதை அவன் சொல்லவில்லை. கேட்டிருந்தாருள் ஒருவர்க்கும் அது சொல்லப்படவேண்டியதாயும் இருக்கவில்லை.

இவ்வினாவை யாம் சில ஆசிரியரிடத்தே கூறியபோது இருவகை விடை கிடைத்தன. முதியவர் ஒருவர், "முடிவுநாள் குறித்துக்கொண்டு விடுதல் விடுதலன்று, அது பசியை வளர்த்துக்கொண்டு பந்தியிலே காத்திருத்தல். அவ்வாசிரியர் ஒன்றில் முற்றாக விடுக, அன்றேல் வாய்திறவாதிருக்க" என்றார். மற்றொருவர், "பிள்ளைகள் முன் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டவேண்டுமோ? இனிக் குடியேன் என்று ஒரு சொற் சொல்லியிருந்தால் வினா அவ்வளவில் முடிந்திருக்கும்" என்றார். இரண்டாவது விடையை யாம் நெடிது ஆராயவேண்டியதில்லை. தாம் துணியாத ஒன்றைத் துணிந்ததாகச் சொல்லுதல் பொய்யாம். அதுவும், வாக்குக் கொடுத்து மாறும் தந்தையொருவரை வீட்டிற் காணும் சிறுவனிடத்தே சொல்லும் பொய்யாம். முதலாவது விடையோ பெருமையுடையது. மேற்போக்காகப் பார்ப்பார்க்கு உண்மையும் அதுவே போலும் தோன்றும். ஆயினும் அஃது எமக்கு முழுதும் உடன்பாடன்று. என்னை? முடிவுநாள் உடையன யாவும் போலியாயின், ஆறு நாள் விரதமும் ஒருபொழுதும் போலியாதல் வேண்டும். மறுநாட் பாரணை உண்டென்பது பற்றி முதனாள் உபவாசத்தை ஒருவரும் இகழ்வதில்லை. ஆகவே குற்றம் முடிவுநாள் உண்டென்பதன்கண் இல்லை. பின் எதன்கண் உளது என்பதே நாம் காணவேண்டுவது.

அதன்முன் இன்னோர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். முழங்கால் நோவு தீர்தற்கும் விரைந்து ஓடுதற்குமாக மதுவை விலக்கியவனது விலக்கு அறமாகுமா, வெறும் வாணிகமாகுமா என்று கேட்பாருளர். உடம்பின் இலாபங் கருதிய நன்மை தாழ்ந்ததென்பது அவர் கருத்து. நம் மாணாக்கர் மனனஞ் செய்யும் திருக்குறளிலே கள்ளுண்ணாமை எங்கே வைக்கப்பட்டுள்ளதென்று பார்க்க. புலான்மறுத்தல் அறத்துப்பாலிலே துறவறவியலில் நிற்கின்றது. கள்ளுண்ணாமையோ பொருட்பாலிலே தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாய், சூதுக்கு முன்னே, மருந்துக்கு இரண்டதிகாரம் முன்னே வைக்கப்பட்டுள்ளது. வைப்புமுறைக்கு உரைகாரர் கூறும் காரணங்கள் பல இருப்பினும், உலகியலில் வாழ்வான் ஒருவன் தன் உடலும் பொருளும் மதிப்பும் கெடாமற் காத்தலோடு சேர்த்தெண்ணப்படும் பொருளாக அது நிற்கின்றதென்பது வெளிப்படை. ஆதலின் முழங்காலுக்காக மதுவை விலக்கினேன் என்பவனை நகைத்தல் வேண்டா. வாயில் எதுவாயினும் வீட்டினுள் நுழைந்தானா என்பதே கேள்வி.

இனி, அவ்வாசிரியர் ஒருங்கே மேற்கொண்ட இரண்டு செயல்களையும் பார்ப்போம். ஒன்று சேர்த்தல், மற்றொன்று நீக்கல். பளு தூக்குதலைச் சேர்த்தார், மதுவை நீக்கினார். இவ்விரண்டும் தம்முட் தொடர்பில்லாதன போலத் தோன்றினும், உடலின் உள்ளே ஒன்றுக்கொன்று மிக நெருங்கியனவாம்.

பளு தூக்குங்கால் வலிமை வளர்கின்றதென்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் தூக்குங்கால் தசை தளர்கின்றது. அதன் நுண்ணிய இழைகள் சிதைவுறுகின்றன. தூக்கிய பின், உண்டு உறங்கி ஓய்ந்திருக்கும் நேரத்திலேயே உடல் அச்சிதைவைச் செப்பனிட்டு முன்னினும் உறுதியாகக் கட்டுகின்றது. ஒருநாட் செய்த அப்பியாசத்துக்கு இக்கட்டுமானம் ஒரு நாளோ இரண்டு நாளோ தொடர்ந்து நடைபெறும். முதற் சில வாரங்களிலே பளு எளிதாகத் தோன்றுதற்குக் காரணம் தசை பருத்தலன்று. முன்பு உறங்கிக்கிடந்த தசையிழைகளை நரம்புகள் எழுப்பி ஒருங்கே வேலைவாங்கக் கற்றுக்கொள்ளுதலே. அதாவது முதலிற் கற்பது நரம்பு. பின்னரே வளர்வது தசை. கற்பித்தற் றொழிலுடைய நமக்கு இச்செய்தி இனிதாகவே இருக்கும். ஓடுவார்க்கு இதனால் வரும் பயன் கை பருத்தலன்று. ஒரே வேகத்தைக் குறைந்த மூச்சுச் செலவில் ஓடமுடிதலும், எலும்பும் தசைநாணும் உரம்பெறுதலுமாம். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையிலே, வளர்ந்தோர் வாரத்தில் இருநாளேனும் தசைக்கு வலிமைதரும் அப்பியாசஞ் செய்யவேண்டுமென்று கூறியது. ஓட்டமொன்றே போதுமென்றிருந்தாரை நோக்கியும் அது கூறப்பட்டதாகக் கொள்ளலாம். இஃது இன்று புதிதாகத் தோன்றியதுமன்று. பெர்சி செருட்டி என்னும் அவுஸ்திரேலியப் பயிற்றுநர், ஓடுவார் பளு தூக்கின் உடல் தடித்து வேகங் குன்றுமென்று மற்றையோர் அஞ்சிய காலத்திலே, தம் மாணாக்கரைப் பளு தூக்கவும் கடற்கரை மணற்குன்றுகளில் ஏறியோடவும் செய்தார். அவருள் ஹேர்ப் எலியட் என்பவர் 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் ஓடி உலக சாதனையோடு வென்றார்.

மது கெடுப்பது இந்த ஓய்வையே. அது தூக்குங் கையைத் தடுக்காது. தூக்கிய பின் நிகழும் கட்டுமானத்தைத் தடுக்கும். 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலே, பளு தூக்கிச் சைக்கிள் மிதித்த எட்டு ஆடவர்க்குப் பின்னர்ப் பெருமளவு மது கொடுத்துத் தசையைச் சோதித்தனர். நல்ல புரத உணவு உடன் கொடுத்தபோதும் தசையில் புரதம் கட்டப்படுதல் 24 விழுக்காடு குறைந்தது. மாச்சத்து உணவோடு கொடுத்தபோது 37 விழுக்காடு குறைந்தது. அவர்க்குக் கொடுத்த அளவு மிகப் பெரிதென்பதை மறைத்தல் முறையன்று. சிறிதளவுக்கும் அவ்வெண்களே பொருந்துமென்று யாம் சொல்லவில்லை. ஆயினும் திசை தெளிவு. உறக்கமும் அவ்வாறே. மது ஒருவனை விரைவில் உறங்கச்செய்து, பின்னிரவில் அவ்வுறக்கத்தைத் துண்டாடும்.

எம் நண்பராகிய ஆசிரியர் இதனைத் தம் கணக்கினாலேயே கண்டார். அவர் சனிக்கிழமை மாலை ஏழு மணியளவிலே தொடங்கி, 8.8 விழுக்காடு வலிமையுள்ள 625 மில்லிலீற்றர் பியர் இரண்டு போத்தல் அருந்துவது வழக்கம். ஒரு போத்தலில் ஏறக்குறைய 43 கிராம் மது உளது. இரண்டிற்கும் 86 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையிலேயே அதனை எரித்தகற்ற வல்லது. வியர்வையால் வெளியேற்றிவிடலாமென்று ஓடுவார் பலர் நம்புவது பிழை. வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறுவது மிகச் சிறிது. எனவே, ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வீதிக்கு வந்தபோதும் மது அவருடலை விட்டு முற்றாக நீங்காதிருந்த நாட்கள் பலவாதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலே கால் கனப்பதை அவர் முதுமையென்று எண்ணியிருந்தார். ஐந்தாவது வாரத்து ஞாயிறன்று கால் கனக்கவில்லை. "பதினைந்து ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை என்பதை அன்றே முதன்முறை ஓடினேன்" என்று அவர் எமக்குச் சொன்னார்.

நிற்க. மது ஓடுவானுக்குத் தீதென்று இவ்வாறு கூறுவோமாயின், "குடித்தும் ஓடி வென்றவர் இலரோ?" என்று ஒருவன் எழுந்து கேட்பான். உளர். அவ்வினாவுக்கு அஞ்சி ஒளிதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஒருகாலத்தில் மது ஓடுவார்க்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ற் லூயி நகரத்தில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்திலே, தோமஸ் ஹிக்ஸ் என்பவர்க்கு அவரது உதவியாளர் எட்டிக்கொட்டையிற் பிறக்கும் நஞ்சை முட்டை வெண்கருவோடு கலந்து கொடுத்து, பிராந்தியும் ஊட்டி, ஏறத்தாழத் தாங்கிக்கொண்டே சென்றனர். அவர் வென்றார், வென்றபின் நிற்க வலியற்றவராயினார். 1908ஆம் ஆண்டு இலண்டனிலே முன்னணியில் ஓடிவந்த சார்ள்ஸ் ஹெஃபரன் என்னும் தென்னாபிரிக்கர் இறுதியை அணுகியபோது வழியில் நின்றார் கொடுத்த சாம்பேனை அருந்தி, வயிறு நொந்து பின்னடைந்தார் என்பர். இவை அறியாமைக் காலத்துச் செய்திகள். ஆயினும் நம் வினாவுக்கு மிக நெருங்கிய வரலாறு அண்மைக் காலத்தது. அது கென்யாவிற் பிறந்த ஹென்றி ரோனோவினுடையது.

நந்தி மலைப்பகுதியிலே 1952இற் பிறந்த ரோனோ, அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திற் கற்கும்போது, 1978ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 முதல் யூன் 27 வரையுள்ள 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தார். 5000 மீற்றர், 3000 மீற்றர் தடைதாண்டல், 10000 மீற்றர், 3000 மீற்றர் என்பன அவை. அவ்வாறு ஒருவர் குறுகிய காலத்தில் நால்வகை ஓட்டத்திலும் சாதனை நாட்டியமை ஓட்ட வரலாற்றில் வியக்கத்தக்கதொன்றாய் இன்றும் பேசப்படுகின்றது. அவர் ஒலிம்பிக்கில் ஒருமுறையேனும் ஓடினாரல்லர். 1976இலும் 1980இலும் அவர் தேசம் அவ்விழாவைப் பகிஷ்கரித்தது. மது அவரைப் பற்றிக்கொண்டது. 1981ஆம் ஆண்டு உடல் பருத்து, வேகங் குன்றியவராய்ப் பந்தயத்துக்கு வந்தார். ஓடி ஓடியே அப்பருமனைக் கரைத்தார். அவ்வாண்டு செப்டெம்பரிலே நோர்வேயின் க்னார்விக் என்னுமிடத்தில், முதனாளிரவு மதுமயக்கத்திலிருந்தும், காலையில் ஒரு மணிநேரம் ஓடிவிட்டு, அன்றே 5000 மீற்றரை 13 நிமிடம் 6.20 செக்கனில் ஓடித் தமது பழைய உலக சாதனையைத் தாமே முறியடித்தார்.

குடிப்பவர்க்கு இக்கதை இனிக்கும். "பார்த்தீரா! முதனாள் குடித்தவன் மறுநாள் உலகை வென்றான்" என்பர். யாம் அவ்வெற்றியை மறுக்கவில்லை. அது கடிகாரத்தில் அளக்கப்பட்ட உண்மை. ஆயின் அவ்வெற்றி எதனைக் காட்டுகின்றது? அவரது உடல் எவ்வளவு அரியதென்பதைக் காட்டுகின்றது; அவர் சுதந்திரரென்பதைக் காட்டவில்லை. வலியற்ற உடலுடையான் ஓரிரவு மிகக் குடித்தால் மறுநாட் கிடந்தேனும் உண்மையை அறிவான். வலிய உடலோ கடனை மறைத்துவைக்கும் கணக்கப்பிள்ளையைப் போல்வது; எசமானன் கேட்கும்போதெல்லாம் கையிருப்பு உண்டென்றே சொல்லும். க்னார்விக் அவர்க்குக் கிடைத்த பரிசென்று பலர் எண்ணுவர்; கிடைத்த எச்சரிக்கையை மூடிய திரையென்றே யாம் எண்ணுகின்றோம். அதன்பின் அவர் வாழ்வு பல ஆண்டு வறுமையிலும் வீடின்மையிலும் கழிந்தது. பின்னர் அவர் மதுவை விட்டார். அமெரிக்காவிலே அல்புகேர்க்கி நகரில் இளையோர்க்கு ஓட்டங் கற்பித்தார். தம் வரலாற்றை 2007இல் நூலாக எழுதி இவற்றைத் தாமே வெளிப்படக் கூறினார். 2024ஆம் ஆண்டு பெப்ருவரியிலே தாய்நாட்டில் இறந்தார். அவரை இகழும் பொருட்டு இதனை எழுதினேமல்லேம். தம் வீழ்ச்சியைத் தாமே எழுதுதற்குரிய நெஞ்சுரம் சாதனை நாட்டுதற்குரிய மார்புரத்தினும் அரிது.

இதிலிருந்து நம் ஆசிரியர் தமக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டமும் பளுவும் மதுவுக்கு எதிரிகளென்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். அவை மதுவுக்குத் தரகராகவும் கூடும். "இன்று பதினைந்து கிலோமீற்றர் ஓடினேன், ஆதலின் இன்றிரவு எனக்கு உரித்து" என்னும் சொல்லை ஓடுவார் கூட்டத்திலே கேளாதார் இலர். ஒரு நன்மையைச் செய்தவன் அதனையே ஒரு தீமைக்கு அநுமதிச் சீட்டாகக் கொள்ளுதல் மனித இயற்கை. எம் நண்பரும் பதினைந்தாண்டு அவ்வாறே கொண்டிருந்தார். வாரம் முழுதும் ஓடுதலாலேயே சனிக்கிழமையைத் தமக்கு அவர் மன்னித்துவந்தார்.

இப்போது வினாவின் மையத்துக்கு வந்தோம். அவர் இரண்டு செயல்களை ஒரே நாளில் தொடங்கினாரென்றோம். பளு தூக்குதற்கு அவர் முடிவுநாள் குறித்தாரா? இல்லை. மூன்று மாதம் தூக்கி நிறுத்திவிட்டால் அவ்வலிமை மெல்லமெல்லக் கரைந்துபோமென்பது அவர்க்குத் தெரியும். ஆகவே வாழ்நாள் முழுதும் தூக்குதல் வேண்டுமென்று வருத்தமின்றி எண்ணிக்கொண்டார். மது விலக்குக்கு மட்டும் முடிவுநாள் குறித்தார். என்னை? தமக்கு வரவென்று ஒருவன் கருதுவதற்கு முடிவுநாள் குறியான். இழப்பென்று கருதுவதற்கே குறிப்பான். தண்டனைக்குத் தவணை உண்டு. செல்வத்துக்கு ஒருவருந் தவணை கேட்பதில்லை. அம்மாணாக்கன் இதனை இவ்வாறு சொல்லத் தெரியாதவனாயினும், சரியாக இவ்விடத்திலேயே விரல் வைத்தான். ஆசிரியர் மௌனமானதும் அதனாலேயே.

ஆகவே முதியவர் கூறியது போல முடிவுநாள் குறித்தமை போலியென்று யாம் கூறோம். அம்முடிவுநாள் ஒரு கருதுகோள்; "மதுவின்மை எனக்கு இழப்பு" என்பது அக்கருதுகோளின் பொருள். மூன்று மாதமும் அக்கருதுகோளைச் சோதித்தற்குரிய காலம். விலக்கி வைத்தல் ஒரு சோதனையாயின் அது மெய்யான செயல். அதன் முடிவிலே கருதுகோள் பொய்த்துப்போதற்கும் இடமுண்டு. விலக்கி வைத்தல் வெறுங் காத்திருப்பாயின், உடல் விலகியிருக்க மனம் அருந்திக்கொண்டேயிருக்கும். நாள் நிறைந்தவுடன் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். போயா தினத்திலே மதுக்கடை பூட்டியிருத்தலாற் குடியாதவன் ஒருநாள் விலகினானென்று எவரும் எண்ணார். முதனாள் மாலையில் அக்கடை வாயிலில் நிற்கும் கூட்டமே அதற்குச் சான்று. ஆண்டுதோறும் ஒரு மாதம் மதுவை விலக்கும் இயக்கமொன்று 2013இல் இங்கிலாந்திலே தொடங்கிற்று. அதிற் சேர்ந்தாரை ஆராய்ந்தபோது, ஆறு மாதங் கழிந்தபின்னும் அவருட் பலர் முன்னினும் குறைவாகவே அருந்தினரென்று கண்டனர். ஒரு மாதம் மது நீங்கியிருந்தார்க்கு இரத்த அழுத்தமும் உடல் எடையும் குறைந்தமையை 2018இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டிற்று. இவை விலக்கி வைத்தலை இகழ்வார்க்கு விடையாம். அளவோடருந்தின் தீங்கில்லையென்று இன்னுஞ் சொல்வார்க்கோ, மதுவிலே உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லையென உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியிற் கூறியதே விடையாம். மதுவை ஒருபோதும் தொடாமையே சிறந்ததென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் தொட்டவன் மீண்டுவரும் வழியில் முதற்படி சிறிதாயிருத்தல் பற்றி அதனை உதைத்துத் தள்ளுதல் தொடாதவர்க்குத் தகாது.

அம்மாணாக்கனது தந்தையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவரை நாம் அறியோம். இருபத்தைந்து நாள் தம்மைக் கட்டிவைக்க வல்லார் ஒருவர் வலியற்றவரல்லர். ஆண்டுதோறும் அவர் ஒரு வாயிலின் முன் வந்து நின்று திரும்புகின்றார். அவ்விருபத்தைந்து மாலைகளிலே அவர்க்குச் செய்தற்கு வேறொன்று இருந்ததோ, நாட்களை எண்ணுதலொன்றே இருந்ததோ, எவர் கேட்டார்? எம் நண்பர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் தூக்குதற்கு ஓர் இரும்பு இருந்தது. நான்கு வாரத்துக்கொருமுறை ஏறும் எண்ணிக்கை ஒன்று இருந்தது. ஞாயிறு காலையிலே கனக்காத கால் இருந்தது. நீக்கிய இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. தந்தையார்க்கு அவ்விடம் வெறுமையாகவே கிடந்திருத்தல் கூடும். நாடோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாதல் கூடுமாதலின், அத்தகையோரை "உடனே விடும்" என்று பேசித் துரத்தாது வைத்தியரிடம் அனுப்புதலே செயற்பாலது என்பதையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. பெற்றார் கூட்டங்களிலே இதனைச் சொல்லுதற்கு அவர்க்கு வாய்ப்புண்டு.

எம் நண்பரது மூன்று மாதம் எவ்வாறு கழிந்ததென்பது இன்னும் சொல்லப்படவில்லை. முதற் சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர் படலையைத் திறந்து ஒழுங்கையின் முடக்குவரை போய்த் திரும்பினார். இரண்டாவது சனிக்கிழமை வீட்டார்மேற் காரணமின்றிச் சினந்தார். மூன்றாவது வாரம் நண்பரிடஞ் சென்று சோடா அருந்தினார். "ஐயா துறவு பூண்டுவிட்டார்" என்று அவர்கள் நகைத்தார்கள். சிறிது நேரத்தில் நகைப்பு ஒழிந்து பழைய பேச்சே நடந்தது. தாம் விரும்பியது மதுவையன்று, அந்தப் பேச்சையே என்று அன்று அவர்க்குத் தோன்றிற்று. ஆயினும் அவ்வெண்ணத்தையும் அவர் முற்றும் நம்பவில்லை; வீட்டுக்கு வரும் வழியில் மதுவின் மணமும் நினைவில் வந்ததென்று எம்மிடம் ஒளியாது சொன்னார். "வேண்டும்போது விட்டுவிடுவேன்" என்று அதுகாறும் தாம் சொல்லிவந்தது சோதிக்கப்படாத சொல்லென்பதே அவர் பெற்ற முதற் பயன்.

இவ்வாராய்ச்சி எம்மிடையே நடந்து இரு வாரத்தின்பின் அவர் எமக்குக் கடிதமெழுதினார். அம்மாணாக்கனை ஓட்டம் முடிந்தபின் தனியே இருத்தி இவ்வாறு சொன்னாராம்: "தம்பி, அன்று நீ கேட்டதற்கு விடை தெரியாமையாலே பேசாதிருந்தேன். மூன்று மாதம் நிறைய இன்னும் பத்தொன்பது நாள் உண்டு. அந்த நாளை நாட்காட்டியிலே பென்சிலால் வட்டமிட்டிருந்தேன். நேற்று அவ்வட்டத்தை அழித்துவிட்டேன். இனி ஒருபோதுந் தொடேனென்று உனக்கு வாக்குத் தரவில்லை. அப்படிப்பட்ட வாக்கை நீ நம்பவும் வேண்டாம். வட்டம் இல்லை என்பது மட்டும் உண்மை. பளு தூக்குதற்கும் நான் வட்டமிடவில்லை."

மாணாக்கன் சிறிதுநேரம் பேசாதிருந்து, "இப்போது எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், சேர்?" என்று கேட்டானாம். "அறுபது" என்றார் ஆசிரியர். தன் தந்தையையும் அழைத்துவரலாமோ என்று அவன் அடுத்துக் கேட்பானென்று எதிர்பார்த்துச் சிறிது பொறுத்திருந்தாராம். அவன் கேட்கவில்லை, சப்பாத்தைக் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான்.